கொழுப்பு மாத்திரையோட கூட என்ன போகுது?

பட்டணத்துல வேலை பார்க்கிற நண்பர்களே, ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்கு பிரஷர், சுகர் மாத்திரையோட கொழுப்பு மாத்திரையும் மாசாமாசம் வாங்கி அனுப்புறீங்க. நல்ல காரியம். ஆனா அதோட சேர்த்து அவங்க இங்க வேற என்னத்தை முழுங்குறாங்கன்னு உங்களுக்கும் தெரியாது, எழுதிக் கொடுத்த டாக்டருக்கும் தெரியாது.

பயிருக்கு மருந்தடிக்கும்போது நாங்க எதையும் எதோடயும் கலந்துட மாட்டோம். போர்டோ கலவையோட பூச்சிமருந்து சேர்ந்தா பல மருந்துக்கு வீரியம் போயிரும்னு தெரியும். அந்தக் கவனம் சொந்த உடம்பு விஷயத்துல மட்டும் இல்லை.

அட்டோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் மாதிரி மாத்திரைகளைக் கல்லீரல்தான் சிதைச்சு வெளியேத்துது. சேத்துலயும் வேர்வையிலயும் கிடக்கிறவங்களுக்குப் படர்தாமரை சகஜம். அதுக்குக் கொடுக்கிற இட்ராகொனசோல், நெஞ்சுச் சளிக்குக் கொடுக்கிற கிளாரித்ரோமைசின் இதெல்லாம் கல்லீரலோட அந்த வேலையைத் தடுத்துரும். வடிகால் அடைச்ச வயல்ல தண்ணி நிக்கிற மாதிரி, கொழுப்பு மாத்திரை ரத்தத்துல தேங்கும். அடி வாங்குறது தசை. முத்திப்போனா தசை சிதைஞ்சு சிறுநீரகமே கெட்டுப்போகலாம். செரிவாஸ்டாட்டின்னு ஒரு மாத்திரையை 2001-ல் விற்பனையிலிருந்தே எடுத்துட்டாங்க. இப்படித் தசை சிதைஞ்சு உயிர்கள் போனதுதான் காரணம். ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்தையும் சேர்த்து எடுத்தவங்களுக்கு ஆபத்து ரொம்ப அதிகமா இருந்துச்சு.

கிராமத்துல இதைக் கண்டுபிடிக்கிறதும் கஷ்டம். நாள் முழுக்கக் களை வெட்டினவர் தொடை வலிச்சா அலுப்புன்னுதான் நினைப்பார். வேலைக்கே போகாத நாள்லயும் ரெண்டு தொடையும் தோளும் வலிச்சா, உக்காந்தா எந்திரிக்க முடியலைன்னா, சிறுநீர் கடுங்காப்பி நிறத்துல போனா, உடனே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்.

இதைப் படிச்சிட்டு மாத்திரையை நிறுத்தச் சொல்லிடாதீங்க. பெரும்பாலானவங்களுக்கு இது பிரச்சினை பண்றதில்லை. ஒரு தடவை ஹார்ட் அட்டாக் வந்தவருக்கு இது காவல். பயந்துபோய் தானா நிறுத்துறதுதான் பெரிய ஆபத்து. அளவைக் குறைக்கிறதோ, வேற மாத்திரைக்கு மாத்துறதோ, சில நாள் நிறுத்தி வைக்கிறதோ டாக்டர் முடிவு பண்ணட்டும்.

என்னைக் கேட்டா, மாத்திரையை விட, சொல்லாம விடுறதுதான் பெரிய குறை. அடுத்த தடவை ஊருக்கு வர்றப்போ அம்மாவோட மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பாருங்க. லேகியம், சூரணம் உட்பட எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க. டாக்டர்கிட்ட போனாலும் மெடிக்கலுக்குப் போனாலும் அதை முதல்ல நீட்டச் சொல்லுங்க.