வாலிபர் சங்கமும் நம் வாலிபரும்

ஜொகூர்த் தோட்டங்களிலும், குளுவாங், சிகாமட், கூலாய் முதலிய பட்டணங்களிலும் தமிழ் வாலிபருக்கென ஒரு தொண்டுச் சங்கம் வேண்டுமென்று எவரேனும் வாய் திறந்தால், எழும் மறுமொழி யாது? "நிர்வாகம் இடம் கொடுக்கட்டும், தனவந்தர் பணம் கொடுக்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்பதே. இப்பேச்சு வெறும் சாக்கு என்பதற்கு ஒரு சரித்திரமே சாட்சி நிற்கிறது.

ஒய்.எம்.சி.ஏ. எனும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைத் தோற்றுவித்தவர் பிரபுவா? பாதிரியாரா? இருவரும் அல்லர். லண்டன் ஜவுளிக் கடையொன்றின் சிப்பந்தியான 22 வயது ஜார்ஜ் வில்லியம்ஸ், 1844 ஜூன் 6-ஆம் நாள், வேறு 11 வாலிபரைக் கூட்டித் தொடங்கியதே அது. நாளெல்லாம் நின்று உழைத்து, கடை மாடியிலேயே படுத்துறங்கிய வர்க்கம் அவர்களுடையது. அம்மாடிக்கும் நம் லயத்துக்கும் வேற்றுமை என்ன?

"அது வெள்ளையர் கதை" என்பார்க்குச் சேலத்தைக் காட்டுவோம். 1876-இல் அங்குப் பிறந்த தமிழர் கே.டி.பால், 1916-இல் இந்தியச் சங்கங்களின் தேசியப் பொதுச் செயலாளரானார். அப்பதவியேற்ற முதல் இந்தியர் அவரே. பட்டணத்து மண்டபமும் பிரசங்கமும் போதுமென்று அவர் இருந்துவிடவில்லை. சங்கத்தைக் கிராமத்துக்குக் கொண்டு சென்றார். கடனில் மூழ்கிய உழவருக்குக் கூட்டுறவுக் கடன் முறையைக் காட்டினார். பின்னர் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில் கோழி வளர்ப்பும் தேனீ வளர்ப்பும் கற்பிக்கப்பட்டன. தானம் வாங்குதல் அன்று, தன் கையாலேயே தான் எழுதல் என்பதே அங்கு விதி.

"கிறிஸ்தவருடையது, நமக்கெதற்கு?" என்று முகஞ்சுளிப்போரை ஒன்று கேட்கிறோம். நம் வாலிபர் மாலைதோறும் ஆடும் கைப்பந்து, 1895-இல் அமெரிக்காவில் இச்சங்கத்தின் உடற்பயிற்சி ஆசிரியர் வில்லியம் மார்கன் கண்ட ஆட்டமன்றோ? பந்துக்கு இல்லாத மதம் தொண்டுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? மதம் மாறச் சொல்லவில்லை. முறையைக் கற்கச் சொல்கிறோம்.

நம்மிடையே சங்கங்கள் இல்லாமலில்லை. ஆனால் பலவற்றில் நடப்பதென்ன? தலைவர் நாற்காலிக்கு நால்வர் போட்டி. மாலைக்கும் ஒலிபெருக்கிக்கும் நன்கொடை. கிராணிக்கு முன்வரிசை, பால்மரத் தொழிலாளிக்குப் பின்வரிசை. தோட்டம் துண்டாடப்பட்டும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தும், லயமிழந்து தாமான்களுக்குப் பெயர்ந்த குடும்பங்கள் எத்தனை! அவற்றின் பிள்ளைகள் வட்டிக்காரனுக்கும் குண்டர் கும்பலுக்கும் இரையாகும்போது இச்சங்கங்கள் எங்கே போயின?

தோழர்களே, ஓர் அறையும் பன்னிரண்டு பேரும் போதும். பதிவேட்டில் சாதிக்கு இடம் வேண்டா. கிராணியும் தொழிலாளியும் ஒரே பெஞ்சில் அமரட்டும். கிழமைக்கு இரண்டு இரவு பிள்ளைகளுக்குப் பாடம். மாதம் ஆளுக்குப் 10 வெள்ளி சேமிப்பு. அதிலிருந்து அவசரத்துக்குக் கைமாற்று. வரவு செலவு எல்லோர் கண்ணிலும் படச் சுவரில். திறப்பு விழாவும் வேண்டா. வேலை தொடங்கும் நாளே திறப்பு நாள்.