மூச்சு முட்டுமோ என்ற பயம்

குறட்டையை வைத்து எத்தனையோ ஹாஸ்யத் துணுக்குகள் படித்திருக்கிறோம். குறட்டை விடுகிறவர் எப்போதும் கணவராக இருப்பார். தலையணையைக் காதில் அமுக்கிக் கொண்டு தவிக்கிறவள் மனைவி. இந்த வாரம் கடிதம் எழுதியிருக்கும் சகோதரியின் வீட்டில் கதை நேர் எதிராக இருக்கிறது. குறட்டை அவருடையது. வயது ஐம்பத்து நாலு.

"தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். பரிசோதனை செய்து, மணிக்கு 34 தடவை என்று சொல்லிவிட்டார்கள். இரவெல்லாம் முகமூடி மாட்டிக் கொண்டு யந்திரக் காற்றை இழுக்க வேண்டுமாம். எனக்கோ சின்ன வயசிலிருந்தே அடைத்த இடம் ஆகாது. லிப்டில் ஏற மாட்டேன். மார்கழிக் குளிரில்கூடப் போர்வையைக் கழுத்துக்கு மேல் இழுத்துக் கொள்ள மாட்டேன். முகமூடியை மாட்டின மூன்றாவது நிமிஷம் பிய்த்து எறிந்துவிட்டேன். யந்திரம் இப்போது பீரோவின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 'இத்தனை பணம் போட்டு வாங்கினதம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோயேன்' என்கிறான் பையன். நான் அவ்வளவு பிடிவாதக்காரியா?"

இல்லை, அம்மா. பிடிவாதத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் யந்திரம் பீரோவின் மேல் இருக்கக் கூடாது. மணிக்கு 5 தடவைக்கு மேல் மூச்சு நின்றாலோ குறைந்தாலோ அது நோய். 30-ஐத் தாண்டினால் கடுமையானது என்று கணக்கு. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுப் பாதையை அடைத்து விடுகின்றன. ஒவ்வொரு தடவையும் பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது. மூளை திடுக்கிட்டு எழுப்புகிறது. உங்களுக்கு எழுந்த ஞாபகம்கூட இராது. இப்படியே விட்டால் ரத்தக் கொதிப்பு ஏறும், இருதயத்துக்குக் கெடுதல், பக்கவாத பயமும் உண்டு.

இன்னொரு சங்கதி. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்த வியாதி அதிகமாகிறது. ஆனால் பல பெண்களுக்குக் குறட்டை பெரிதாகக் கேட்பதில்லை. விடியற்காலைத் தலைவலி, தூக்கம் வராமை, நாள் முழுதும் அசதி, இவைதான் தெரியும். "வீட்டு வேலை ஜாஸ்தி, அதுதான் அசதி" என்று வீட்டார் சொல்வார்கள். நாமும் தலையை ஆட்டிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுவோம். இந்தச் சகோதரிக்குப் பரிசோதனை நடந்ததே அதிர்ஷ்டம்.

முகமூடிக்கு வருவோம். 1980-க்கு முன்னால் இந்த வியாதி முற்றினவர்களுக்குத் தெரிந்த சிகிச்சை, தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைப்பதுதான். அந்த வருஷம் ஆஸ்திரேலியாவில், சிட்னியில், காலின் சல்லிவன் என்ற டாக்டர் வேறு வழி கண்டார். தூசி உறிஞ்சும் யந்திரத்தின் மோட்டாரைக் காற்று ஊதும்படி மாற்றி, மூக்கு வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றை விட்டார். அந்தக் காற்றே தொண்டையைத் தாங்கிப் பிடித்து, மூடாமல் காத்தது. 1981-ல் ஐந்து நோயாளிகளைப் பற்றி 'லான்ஸெட்' பத்திரிகையில் எழுதினார். ஸிபாப் என்று இன்று சொல்கிற யந்திரத்தின் பிறப்பு இதுதான். ஆரம்ப காலத்து முகமூடியை ஒவ்வொருவர் மூக்குக்கும் அச்செடுத்துச் செய்து, இரவு தோறும் பசை போட்டு ஒட்டினார்களாம்! நம் சகோதரி அந்தக் காலத்தில் சிட்னியில் இருந்திருந்தால் ஊரை விட்டே ஓடியிருப்பார்.

இன்று அப்படியில்லை. வகை வகையாக இருக்கின்றன. எதை எடுப்பது என்று கடைக்காரரைக் கேட்குமுன் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக் கொள்ளுங்கள். பயம், பயம் என்கிறோமே, முகமூடியில் எது பயமுறுத்துகிறது?

வாயும் மூக்கும் சேர்ந்து மூடப்படுவதுதான் பயம் என்றால், மூக்குத் துவாரங்களில் மட்டும் இரண்டு சின்ன மெத்தைகள் பொருந்தி நிற்கிற வகையைக் கேளுங்கள். முகத்தில் வேறெதுவும் படாது. மூக்குக் கண்ணாடி போட்டுக் கொண்டு வாரப் பத்திரிகை படிக்கலாம். மூக்குக்குக் கீழே தொட்டில் மாதிரி ஏந்தி நிற்பதும் உண்டு. அடைத்த இடத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு முதலில் கொடுத்துப் பார்க்க வேண்டியவை இவைதான் என்பது என் அபிப்பிராயம். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகமும் 2019-ல், வாயையும் மூடும் பெரிய முகமூடியைவிட மூக்கோடு நிற்கிறவையே மேல் என்று யோசனை சொல்லியிருக்கிறது. யந்திரத்தின் அழுத்தம் மிக அதிகமாக வைக்க வேண்டியவர்களுக்கு மட்டும் அந்தச் சின்ன மெத்தை மூக்கை உறுத்தலாம்.

"எனக்கு வாயால்தான் மூச்சு வருகிறது" என்று சிலர் பெரிய முகமூடியைக் கேட்டு வாங்குகிறார்கள். வாயால் மூச்சு விடுவது பெரும்பாலும் மூக்கடைப்பினால்தான். முதலில் மூக்கு டாக்டரைப் பாருங்கள்.

கட்டிப் போட்டது போல் இருப்பதுதான் பயம் என்றால், வார் குறைவாக உள்ளதாக, ஒரே கையால், இருட்டில், ஒரு நொடியில் கழற்றக் கூடியதாகப் பாருங்கள். கடையிலேயே கண்ணை மூடிக் கொண்டு பத்துத் தடவை கழற்றி மாட்டுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். வேண்டும்போது கழற்றிவிடலாம் என்று கைக்குத் தெரிந்துவிட்டால் மனசு பாதி அடங்கிவிடும். குழாய் மார்பின் மேல் கிடப்பது பிடிக்காதவர்களுக்கு, உச்சந்தலையில் குழாய் பொருத்தும் வகை இருக்கிறது.

கண்ணெதிரே ஏதோ சட்டம் தெரிவதுதான் சிலருக்கு உபத்திரவம். விசித்திரம் பாருங்கள், இவர்களில் சிலருக்கு நெற்றியிலிருந்து மோவாய் வரை மூடும் மிகப் பெரிய கண்ணாடி முகமூடி பிடித்துப் போகிறது! பார்வையை எதுவும் மறைப்பதில்லை, மூக்கை எதுவும் தொடுவதில்லை. ஆகையால் சிநேகிதிக்கு ஒத்துக் கொண்டது என்று நீங்களும் அதையே வாங்காதீர்கள்.

காற்றுப் போதவில்லை என்ற திணறலா? அது முகமூடியின் குற்றமாக இராது. தூங்கும் வரை அழுத்தம் குறைவாக இருந்து, பிறகு மெதுவாக ஏறும்படி யந்திரத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. அந்த ஆரம்ப அழுத்தம் ரொம்பக் குறைவாக இருந்தால், மூச்சு இழுக்க இழுக்கப் போதாதது போலிருக்கும். மூச்சை வெளியே விடும்போது காற்று எதிர்த்துத் தள்ளுவதும் சிலருக்குப் பீதி தரும். அப்போது அழுத்தத்தைத் தணிக்கவும் வழி இருக்கிறது. இரண்டையும் டாக்டரிடம் சொல்லி மாற்றிக் கொள்ளலாம். நாமே திருகிப் பார்க்க வேண்டாம்.

முகமூடியை உட்கார்ந்தபடி பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். படுத்து, யந்திரத்தை ஓடவிட்டு, இடப்பக்கமும் வலப்பக்கமும் புரண்டு பாருங்கள். காற்றுக் கசிகிறதே என்று வாரை இறுக்கிக் கொண்டே போவது பெரிய தப்பு. அளவு சரியாக இருந்தால் தளர்வாகவே நிற்கும்.

வாங்கின அன்றிரவே போட்டுக் கொண்டு படுக்கவும் வேண்டாம். பகலில் டெலிவிஷன் பார்க்கும்போது வெறும் முகமூடியைக் கையில் பிடித்து முகத்தில் வைத்து எடுங்கள். வார் வேண்டாம், காற்று வேண்டாம். ஐந்து நிமிஷம் சிரமமின்றி ஆனதும் காற்றோடு வையுங்கள். பிறகு வாரோடு. அப்புறம் பகல் தூக்கத்தில் அரை மணி. அதற்குப் பிறகுதான் ராத்திரி. ஒரு படி கஷ்டமாக இருந்தால் முந்தின படிக்குத் திரும்புங்கள். இரண்டு மூன்று வாரம் பிடித்தாலும் பாதகமில்லை. இத்தனைக்கும் மசியாத பயமென்றால் மனநல மருத்துவரிடம் போவதில் வெட்கமில்லை. இப்படிப் படிப்படியாகப் பழக்குவதே அவர்கள் செய்யும் சிகிச்சை. தூக்க மாத்திரையை மட்டும் நீங்களாக விழுங்காதீர்கள். சில மாத்திரைகள் தொண்டையை இன்னும் தளர்த்திவிடும்.

கடிதத்தின் கடைசியில், "கரண்ட் போய்விட்டால் உள்ளேயே மூச்சு முட்டிப் போய்விட மாட்டேனா?" என்றும் கேட்டிருக்கிறார். மாட்டீர்கள். மூக்கு வகையில் வாய் திறந்திருக்கிறது. வாயையும் மூடும் வகையில், காற்று நின்றவுடன் தானாகத் திறந்து வெளிக்காற்றை விடும் வால்வு வைத்திருப்பார்கள். கடையில் யந்திரத்தை நிறுத்தச் சொல்லி, முகத்தில் மாட்டியபடியே மூச்சு விட்டுப் பாருங்கள். சொன்னதை நம்புவதைவிட அது நல்லது.

காந்தக் கொக்கி வைத்த முகமூடிகள் மாட்டச் சுலபமானவை. ஆனால் உங்களுக்கோ, பக்கத்தில் படுக்கும் வீட்டுக்காரருக்கோ, மடியில் வந்து படுக்கும் மாமியாரின் செல்லப் பேரனுக்கோ உடம்பில் பேஸ்மேக்கர் போன்ற கருவி இருந்தால் அது கூடாது. 2022-லிருந்து இதைப் பற்றி எச்சரிக்கை வந்திருக்கிறது. காந்தத்துக்கும் கருவிக்கும் இடையே 15 செண்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்கிறார்கள். படுக்கையில் யார் அளந்து பார்ப்பது? காந்தமில்லாததாக வாங்கிவிடுங்கள்.

கீழ்த் தாடையை முன்னால் தள்ளிப் பிடிக்கும் பல் கருவி ஒன்றும் உண்டு. பல் டாக்டர் செய்து கொடுப்பார். வியாதி லேசாகவோ நடுத்தரமாகவோ இருப்பவர்களுக்குத்தான் அது பெரும்பாலும் ஏற்றது. 34 என்ற கணக்குக்கு முதலில் முகமூடியோடு சமாதானமாகப் பாருங்கள்.

பையனுக்கும் ஒரு வார்த்தை. "பொறுத்துக்கோ" என்று சொல்லுவதை விட்டுவிட்டு, அம்மாவோடு கடைக்குப் போய், நாலு வகையைப் படுத்துப் பார்க்கும் வரை பக்கத்தில் நில்லப்பா. ஒத்துக் கொள்ளாவிட்டால் சில நாட்களுக்குள் மாற்றித் தருகிற கடைகளும் இருக்கின்றன. பணம் கொடுக்குமுன் அதைக் கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்கிக் கொள்.