கேள்விக்கு முன்னால்

நம் தோழர்கள் மேடையில் நன்றாகத்தான் பேசுகிறார்கள். பேச்சு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுவார்: "அம்பேத்கரே ரிசர்வேஷன் பத்து வருஷம் போதும்னுதானே சொன்னாரு?" நம்மாளுக்குக் கோபம் வந்துவிடும், குரல் உயரும். கேட்டவருக்கு வேண்டியதே அதுதான். "பாத்தீங்களா, பதில் இல்ல, கத்துறான்" என்று உட்கார்ந்துவிடுவார்.

வங்கி கவுண்டரில் செக் வந்தால் தேதி, தொகை, கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் பணம். கேள்வியையும் அப்படிப் பார்க்க வேண்டும். பத்து வருஷம் முதலில் எங்கே இருந்தது? அரசியல் சட்டத்தின் 334ஆம் பிரிவில். அது நாடாளுமன்ற, சட்டமன்றத் தனித்தொகுதிகளுக்கானது. வேலைக்கான 16(4)இல் காலக்கெடு கிடையாது. 1951இல் சேர்க்கப்பட்ட, கல்விக்கான 15(4)இலும் இல்லை. இதை நிதானமாகச் சொன்னால் போதும், கேள்வி தானே விழுந்துவிடும்.

அடுத்து, "ஏழைன்னு பாத்துக் குடுக்கலாமே" என்பார்கள். 2019இல் மத்திய அரசு அப்படித்தான் 10 சதவீதம் கொடுத்தது. அதில் சேரி ஏழைக்கு இடமுண்டா என்று திருப்பிக் கேளுங்கள். சபை யோசிக்கட்டும்.

எல்லாக் கேள்வியும் வம்புக் கேள்வி அல்ல. நம் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி அதே சந்தேகத்தைக் கேட்பான். கல்லூரியில் அவனை மடக்கியிருப்பார்கள். அவனிடம் எரிந்து விழுந்தால் மறுபடி வாய் திறக்க மாட்டான். பதில் தெரியாவிட்டால் "தெரியல, படிச்சிட்டு வந்து சொல்றேன்" என்பதில் கேவலம் ஒன்றுமில்லை; சொன்னபடி போய்ச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

வாயைத் திறந்து கேட்கவே கூடாதென்று வைக்கப்பட்ட சனம் நாம். நம் மேடையில் கேள்விக்கு அஞ்சலாமா?