ஞாயிறு காலை ஏழு மணி ஆட்டம்



கடந்த ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து, ஆலய வாசலில் உங்களோடு கைகுலுக்கிக்கொண்டு நின்றேன். முழங்கால்வரை சேறு படிந்த ஒரு வாலிபன் மதிலோரமாகத் தயங்கி நின்றான். நம் வாலிபர் ஐக்கியத்தில் கித்தார் வாசிக்கிறவன்; கல்லூரிக் கால்பந்து அணியில் இடதுபுறத் தற்காப்பு ஆட்டக்காரன். அன்று காலை ஏழு மணிக்கு அவனுக்கு ஆட்டம் இருந்தது. திருவிருந்துக்காவது வந்து சேர்ந்துவிடலாம் என்று, உடை மாற்றாமல் பேருந்து பிடித்து ஓடி வந்திருக்கிறான். நான் அவனைப் பார்த்து, "கர்த்தருடைய நாளைவிடப் பந்து பெரிதாகிவிட்டதா தம்பி?" என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதன்பின் ஏழு வாரங்கள் அவன் ஆலயத்துக்கு வரவில்லை.

அந்த ஏழு வாரங்களில் நான் அறிந்துகொண்டவற்றை உங்களுக்கு எழுதவேண்டும் என்றிருக்கிறேன். முதலாவது, அவன் தாயார் சொன்னது. அவன் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவன். கட்டணச் சலுகை அணியில் அவன் இருக்கும்வரைதான். கல்லூரிகளுக்கிடையிலான ஆட்டங்கள் ஜூலையில் தேர்வோடு தொடங்கி, வடகிழக்குப் பருவமழை மைதானங்களைக் குளமாக்குவதற்கு முன் முடிந்தாகவேண்டும். வகுப்பு நாட்களில் மைதானம் கிடைப்பது அரிது. வெயில் ஏறுவதற்கு முன் ஆடவும் வேண்டும். ஆகவே ஞாயிறு அதிகாலை. அந்த அட்டவணையைப் போடுகிறவர்களிடம் பத்தொன்பது வயதுப் பையன் போய், எனக்கு ஆராதனை உண்டு என்று சொன்னால், அவன் இடத்தில் ஆட வேறு மூவர் காத்திருக்கிறார்கள். இவ்வளவையும் நான் வாசலில் நின்று பேசுவதற்கு முன்பே கேட்டறிந்திருக்கலாம். கேட்கவில்லை.

உங்களில் சிலர் எரிக் லிடெலை நினைப்பீர்கள். நானே பீடத்திலிருந்து அவரைப்பற்றிப் பேசியிருக்கிறேன். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்தபடியால் அதில் ஓட மறுத்து, 400 மீட்டரில் 47.6 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றவர். 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' திரைப்படத்தில் அவர் கப்பலேறும்போது அந்தச் செய்தியை அறிவதாகக் காட்டியிருப்பார்கள். உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே அவருக்கு அது தெரியும். 400 மீட்டருக்குப் பயிற்சி எடுக்க அவகாசம் இருந்தது. மாற்று ஓட்டமும் இருந்தது. நம் பையனுக்கு அப்படி ஒரு மாற்று ஆட்டம் இல்லை. அதைவிட முக்கியமானது ஒன்று: லிடெலின் தீர்மானம் அவருடையது. எந்த ஆயரும் அவரை வாசலில் நிறுத்தி நாலு பேர் முன்பாகக் கேட்டு அதை வாங்கவில்லை.

அவருடைய கதையை நாம் பாரிசோடு முடித்துவிடுகிறோம். அவர் சீனாவுக்கு மிஷனரியாகப் போனார். யுத்தகாலத்தில் ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். 1945 பெப்ருவரியில் அங்கேயே மரித்தார். அந்த முகாமில் வாலிபப் பிள்ளைகளுக்கு விளையாட்டுகளை நடத்தினவர் அவர்தான், ஞாயிறு மட்டும் நீங்கலாக. ஒரு ஞாயிறு பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடப்போய், நடுவர் இல்லாமல் அது சண்டையில் முடிந்தது. அதன்பின் வந்த ஞாயிற்றில் லிடெல் தாமே நடுவராகப் போய் மைதானத்தில் நின்றார். தமக்கென்று வைத்த ஒழுங்கின் பேரில் ஒலிம்பிக் ஓட்டத்தையே விட்டவர், பிள்ளைகளினிமித்தம் அந்த ஒழுங்கைத் தளர்த்தினார். பாரிசை ஐந்தாறு முறை பிரசங்கித்திருக்கிறேன். வெய்சியனை ஒருமுறைகூட இல்லை.

அதே பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியின் மேலாளராகச் சென்றவர் யார் தெரியுமா? ஹாரி குரோ பக். 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினவர். இன்று நந்தனத்தில் அண்ணா சாலையோரம் மரங்களுக்கு நடுவே இருக்கிறதே, அந்தக் கல்லூரிதான். தியாகராய நகருக்கும் அடையாறுக்கும் போகிறபோது நாம் அதைக் கடந்துபோகிறோம். சரீரம், மனம், ஆவி என்று ஒய்.எம்.சி.ஏ.வின் முக்கோணத்துக்கு மூன்று பக்கங்கள். கூடைப்பந்தையும் கைப்பந்தையும் உலகத்துக்குக் கொடுத்ததும் அந்த இயக்கமே. விளையாட்டை நம் நகரத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்ததில் இவ்வளவு பெரிய பங்குள்ள நாம், பிள்ளை சேற்றோடு வந்து நின்றால் முகம் சுளிக்கிறோம்.

இதைச் சொல்ல எனக்குத் தயக்கமுண்டு, ஆயினும் சொல்கிறேன். நம் சபையில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அநேகர் ஞாயிறு காலை நீட் பயிற்சி வகுப்புக்குப் போகிறார்கள். அவர்களை நான் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டதில்லை. அவர்களுக்காகப் பெயர் சொல்லி ஜெபித்திருக்கிறோம். ஹால் டிக்கெட்டைப் பீடத்தில் வைத்து ஜெபிக்கச் சொன்ன பெற்றோரும் உண்டு. மருத்துவமனைப் பணிக்குப் போகிற சகோதரிகளையும், இரவுப் பணி முடிந்து உறங்குகிற மென்பொருள் ஊழியர்களையும் நாம் குறைசொல்வதில்லை. புத்தகத்தால் முன்னேறுகிற பிள்ளைக்கு ஒரு அளவு, காலால் முன்னேறுகிற பிள்ளைக்கு வேறொரு அளவா? பசியாயிருந்த சீஷர்கள் ஓய்வுநாளில் கதிர் கொய்தபோது அவர்களைக் குற்றஞ்சாட்டினவர்கள் யார் பக்கம் நின்றார்கள் என்று நமக்குத் தெரியும்.

ஞாயிறு எப்படிப் போனாலும் பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. சபை கூடிவருதலை விட்டுவிட்ட குடும்பங்களின் வீடுகளுக்குப் போகிறவன் நான்; அங்கே நேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆட்டம் இல்லாத ஞாயிற்றிலும் வராதவனிடம் நான் வேறுவிதமாகத்தான் பேசுவேன். ஆனால் ஓடிவந்தவனைத் திருப்பி அனுப்பியது நான்.

அக்டோபரில் மழையால் இருமுறை தள்ளிப்போன அரையிறுதி ஆட்டம் ஒரு வியாழன் மாலை நடந்தது. கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். கால்பந்தில் எனக்குப் பெரிய ஞானம் கிடையாது. கோல் இல்லாமல் முடிந்து, பெனால்டியில் நம் பையனின் அணி தோற்றது. அவன் அடித்த பந்து உள்ளே போயிற்று, அவனுக்குப் பின் வந்தவனுடையது கம்பத்தில் பட்டது. நம் பையன் முதலில் போய் அந்தத் தோழனின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். பிறகு வேலியருகில் வந்தபோது, அன்று வாசலில் கேட்டதற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஐயா, நீங்க கேட்டதுல கோபம் இல்ல. எல்லாரும் சிரிச்சாங்க, அதான்" என்றான்.

வருகிற சேகரக் கமிட்டியில் ஒரு யோசனையை வைக்கப்போகிறேன். ஜூலை முதல் நவம்பர்வரை ஞாயிறு மாலை ஆறரை மணிக்கு ஓர் ஆராதனை. மாதம் ஒருமுறை அதில் திருவிருந்து. விளையாடுகிறவர்கள், தாதியர், இரவுப் பணியாளர்கள் யாவருக்கும் அது உதவும். வாத்தியம் வாசிக்க ஆள் உண்டு, கேட்டுவிட்டேன். ஆட்சேபணை உள்ளவர்கள் கமிட்டிக்கு முன்பே என்னிடம் தொலைபேசியில் பேசுங்கள். சேறு காலணியோடு உள்ளே வரலாமா என்று ஒரு மூப்பர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். வாசலில் ஒரு குழாய் போடச் சொல்லியிருக்கிறேன்.