துடைத்தால் விரையுமா திறன்பேசி?

நுழையும்முன்

திறன்பேசி இல்லாத வீடு இன்று அரிது. பணியின் பொருட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அது ஊரோடும் உறவோடும் இணைக்கும் பாலமாகவும் விளங்குகிறது. அக்கருவியைப் பேணுவதாக எண்ணிப் பலர் நாள்தோறும் செய்யும் ஒரு செயல் உண்மையில் பயன் தருகிறதா? இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

பழக்கமும் நம்பிக்கையும்

தில்லி மெட்ரோவிலும் மும்பைப் புறநகர்த் தொடர்வண்டியிலும் பயணம் செய்வோரைச் சற்று உற்றுநோக்கினால் ஒரு காட்சி கண்ணில் படும். திறன்பேசியில் ஒரு வேலை முடிந்ததும், அண்மையில் திறந்த செயலிகளின் வரிசையை வரவழைத்து, அவற்றை ஒவ்வொன்றாக விரலால் தள்ளி மூடுவார்கள். 'அனைத்தையும் மூடு' என்னும் பொத்தானைத் தொட்டு ஒரே நொடியில் துடைத்துவிடுவோரும் உண்டு. பின்னணியில் செயலிகள் கிடந்தால் நினைவகம் நிரம்பும், கருவி மந்தமாகும், மின்கலம் விரைவில் தீரும் என்பது அவர்களது நம்பிக்கை. வீட்டைப் பெருக்கித் தூய்மையாக வைப்பதைப் போன்ற நற்பழக்கம் இது எனப் பெற்றோர் பிள்ளைகளுக்கும், பிள்ளைகள் தாத்தா பாட்டிக்கும் கற்றுக்கொடுக்கின்றனர்.

இந்நம்பிக்கை பெரும்பாலும் தவறானது. நாள்தோறும் துடைக்கும் பழக்கம் கைவிடத்தக்கது. எந்தச் செயலி கருவியை உண்மையில் வருத்துகிறது எனக் கண்டறிந்து, அதனை மட்டும் சரிசெய்வதே தக்க வழி. இக்கருத்தை ஏற்பதற்குத் திறன்பேசியின் நினைவகம் இயங்கும் முறையை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

அஞ்சறைப்பெட்டியும் பரணும்

திறன்பேசியில் இருவகை இடங்கள் உள்ளன. ஒன்று சேமிப்பகம். படங்கள், காணொளிகள், நிறுவப்பட்ட செயலிகள் ஆகியவை அங்கே நிலையாகத் தங்குகின்றன. கருவியை அணைத்தாலும் அவை அழிவதில்லை. மற்றொன்று 'ராம்' எனப்படும் தற்காலிக நினைவகம். இப்போது இயங்கும் செயலிகளும், சற்றுமுன் இயங்கியவையும் அதில் இருக்கும். கருவியை அணைத்தால் அதிலுள்ளவை மறைந்துவிடும். கடைக்காரர் ஒரு திறன்பேசியை '4 ஜி.பி., 64 ஜி.பி.' என்று கூறினால், முதல் எண் தற்காலிக நினைவகத்தையும், இரண்டாம் எண் சேமிப்பகத்தையும் குறிக்கும்.

சேமிப்பகத்தை வீட்டின் பரணுக்கும், தற்காலிக நினைவகத்தைச் சமையலறை மேடைக்கும் ஒப்பிடலாம். பரணில் இடம் மிகுதி. ஆயினும் அங்கிருந்து ஒரு பொருளை இறக்க ஏணியும் நேரமும் வேண்டும். மேடையில் இடம் குறைவு. ஆனால் வேண்டிய பொருள் கையெட்டும் தொலைவில் இருக்கும். குழம்பு தாளிக்கும்போது அஞ்சறைப்பெட்டி மேடைமீதுதான் இருக்கும். கடுகு போட்டதும் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டு, வெந்தயம் எடுக்க மீண்டும் ஏணி வைத்து இறக்குபவரை எவரும் சிக்கனக்காரர் என்று போற்றமாட்டார்.

செயலியை மூடுவதும் மீண்டும் திறப்பதும் இதைப் போன்றதே. மூடப்பட்ட செயலியைத் திறக்கும்போது, அதன் கோப்புகளைச் சேமிப்பகத்திலிருந்து மீண்டும் நினைவகத்திற்குக் கொண்டுவர வேண்டும். மையச் செயலகம் அதற்காகக் கூடுதலாக உழைக்கிறது. அவ்வுழைப்புக்கு மின்கலமும் செலவாகிறது. நினைவகத்தில் ஓய்வாக இருந்த செயலியைத் திறக்கும்போது இவ்வேலையின் பெரும்பகுதி மிச்சமாகிறது. மேலும், தற்காலிக நினைவகம் நிரம்பியிருந்தாலும் வெறுமையாக இருந்தாலும் அது உண்ணும் மின்னாற்றல் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே, நினைவகத்தை வெறுமையாக வைத்திருப்பதால் மின்கலம் மிச்சமாவதில்லை.

இயங்குதளத்தின் பணி

மேடை நிரம்பிவிட்டால் என்ன செய்வது என்னும் ஐயம் எழலாம். மேடையை ஒழுங்குசெய்வதற்கென்றே கருவிக்குள் ஒரு காவலர் இருக்கிறார். அவர்தாம் இயங்குதளம். ஆண்ட்ராய்டு இயங்குதளம் நினைவகத்திலுள்ள செயலிகளை அவற்றின் இன்றியமையாமைக்கேற்ப வரிசைப்படுத்துகிறது. பயனர் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் செயலிக்கு முதலிடம். பாடலை ஒலிக்கச் செய்தல், வழிகாட்டுதல் போன்ற பணிகளைத் திரைக்குப் பின்னிருந்து செய்யும் செயலிக்கு அடுத்த இடம். பயன்படுத்தி முடித்த பின், மீண்டும் தேவைப்படலாம் என வைக்கப்பட்டுள்ள செயலிகளுக்குக் கடைசி இடம். புதிய செயலிக்கு இடம் போதாதபோது, கடைசி வரிசையில் உள்ளவற்றுள் நெடுநேரம் தொடப்படாதவற்றை இயங்குதளமே முதலில் நீக்கிவிடும். ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன்களிலும் இதையொத்த ஏற்பாடு உண்டு.

நினைவகத்தில் இருப்பது வேறு. வேலை செய்வது வேறு. அண்மைச் செயலிகளின் வரிசையில் தெரியும் பத்துச் செயலிகளும் பத்துத் தொழிலாளர்களைப் போல ஓயாது உழைத்துக்கொண்டிருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அவற்றுள் பெரும்பாலானவை உறங்கிக்கொண்டிருக்கும். சில, நினைவகத்திலிருந்து முன்பே நீக்கப்பட்டு, வெறும் படமாக மட்டும் வரிசையில் நின்றுகொண்டிருக்கும்.

பின்னணியில் வேலை செய்யும் செயலிகளையும் இயங்குதளம் படிப்படியாகக் கட்டுப்படுத்தி வந்துள்ளது. 2015ஆம் ஆண்டில் வந்த ஆண்ட்ராய்டு 6, மின்னேற்றம் செய்யப்படாமல் அசைவின்றிக் கிடக்கும் கருவியில் பின்னணிப் பணிகளைத் தள்ளிவைத்து, இடையிடையே ஒருசேரச் செய்யும் முறையைக் கொணர்ந்தது. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8, செயலிகள் பின்னணியில் இயங்குவதற்கு வரம்புகள் விதித்தது. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9, பயனர் எச்செயலியை எவ்வளவு அடிக்கடி பயன்படுத்துகிறார் என்பதைக் கற்றுக்கொண்டு, அரிதாகத் திறக்கப்படுவனவற்றுக்கு வாய்ப்பைக் குறைத்தது.

இத்துறையின் தலைவர்களும் இதே கருத்தைக் கூறியுள்ளனர். 2016ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பயனர் ஒருவர், செயலிகளை அடிக்கடி மூடுவது உண்டா, மின்கலத்தைக் காக்க அது தேவையா என ஆப்பிள் நிறுவனத்தாரிடம் வினவினார். அந்நிறுவனத்தின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரேக் ஃபெடரிகி, இரண்டு வினாக்களுக்கும் இல்லை என்றே விடையளித்தார். அதே மாதத்தில், ஆண்ட்ராய்டு பிரிவின் தலைவராக அப்போது இருந்த ஹிரோஷி லாக்ஹைமரும், அவ்வாறு மூடுவதால் நன்மையில்லை, சிறிது கேடுகூட விளையலாம் என்னும் கருத்தை வெளியிட்டார்.

மந்தமாவது ஏன்?

'அப்படியானால் எங்கள் திறன்பேசி ஏன் ஊர்ந்து செல்கிறது?' என்று ஒருவர் கேட்கக்கூடும். அது நியாயமான வினா. பல வீடுகளில் ஒரே திறன்பேசியைப் பலர் பயன்படுத்துகின்றனர். தந்தை வேலை முடிந்து திரும்பிய பிறகே பிள்ளைக்கு அது கிடைக்கும். பாடத்தைத் திறப்பதற்குள் பொறுமை கரைந்துவிடும். அத்தகைய வீட்டில் கருவியின் வேகம் படிப்போடு தொடர்புடையது.

மந்தநிலைக்குப் பொதுவான காரணங்கள் சில உள்ளன. சேமிப்பகம் நிரம்பியிருத்தல் அவற்றுள் ஒன்று. குடும்பக் குழுக்களில் வரும் காலை வணக்கப் படங்களும் நீண்ட காணொளிகளும் தாமாகவே பதிவிறங்கிப் பரணை நிறைத்துவிடுகின்றன. பிழையுள்ள ஒரு செயலி பின்னணியில் இடைவிடாது இயங்குவது இன்னொரு காரணம். இருப்பிடத்தை எந்நேரமும் அறியும் அனுமதியை ஒரு செயலிக்கு அளித்திருப்பதும் மின்கலத்தை வற்றச் செய்யும். இவற்றுள் எதுவும் எல்லாச் செயலிகளையும் துடைப்பதால் தீராது. குற்றம் செய்த ஒருவரைக் கண்டுபிடிக்காமல் தெருவிலுள்ள அனைவரையும் வெளியேற்றுவதால் பயன் என்ன?

உறைந்துபோன செயலியை மூடுவதில் தவறில்லை, மூடத்தான் வேண்டும். வழிகாட்டும் செயலி பயணம் முடிந்த பின்னும் இயங்கிக்கொண்டிருந்தால் அதனை நிறுத்தலாம். ஒன்றை அறிந்து மூடுவது பராமரிப்பு. அனைத்தையும் பழக்கத்தால் மூடுவது வீண்வேலை.

அச்சத்தை விற்கும் செயலிகள்

இந்த வீண்வேலையை வணிகமாக்கியவர்களும் உள்ளனர். 'நினைவகம் நிரம்பிவிட்டது! உடனே தூய்மை செய்க!' என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கும் செயலிகள் பல உலவுகின்றன. பொத்தானைத் தொட்டதும் ஒரு சக்கரம் சுழலும். இவ்வளவு நினைவகம் மீட்கப்பட்டது என்று ஓர் எண் தோன்றும். நீக்கப்பட்ட செயலிகளுள் பல சில நொடிகளில் தாமாகவே மீண்டும் தொடங்கிவிடும். எந்த மென்பொருளும் கருவியில் பொருத்தப்பட்ட நினைவகத்தின் அளவைக் கூட்ட இயலாது. இத்தகைய செயலி எந்நேரமும் காவல் காப்பதாகக் கூறிக்கொண்டு தானே பின்னணியில் இயங்குகிறது, விளம்பரங்களைக் காட்டுகிறது, தன் வேலைக்குத் தேவையற்ற அனுமதிகளையும் சில வேளைகளில் கேட்கிறது. திருடனைப் பிடிப்பதாகக் கூறி வீட்டுச் சாவியைக் கேட்பவரிடம் காட்டும் எச்சரிக்கையை இவற்றிடமும் காட்ட வேண்டும்.

அழைப்பு வராத வீடு

துடைக்கும் பழக்கத்தால் நேரம் வீணாவது சிறிய இழப்பு. அதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு கருவியில் ஒரு செயலியைக் 'கட்டாய நிறுத்தம்' செய்தால், பயனர் அதனை மீண்டும் திறக்கும்வரை அதன் அறிவிப்புகள் வருவதில்லை. அதில் குறித்து வைத்த நினைவூட்டல்களும் ஒலிப்பதில்லை. சில நிறுவனங்களின் கருவிகளில், வரிசையிலிருந்து தள்ளி மூடினாலே இந்நிலை ஏற்படுவதுண்டு. தூய்மைச் செயலிகளும் மிகையான மின்கலச் சேமிப்பு ஏற்பாடுகளும் இதே விளைவைத் தரக்கூடும்.

வெளிமாநிலத்தில் வாழும் குடும்பத்திற்கு இது சிறு செய்தியன்று. திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ இருக்கும் பாட்டி காணொளி அழைப்பு விடுக்கிறார். அகமதாபாத்தில் உள்ள பேரனின் கருவியில் அது ஒலிக்கவில்லை. பிள்ளைகள் அழைப்பை ஏற்கவில்லையே எனப் பாட்டி வருந்துகிறார். பாட்டி அழைக்கவில்லையே எனப் பேரன் எண்ணுகிறான். மருந்து உண்ணும் வேளையை உணர்த்தும் செயலி மௌனமாகிவிட்டால், விளைவு வருத்தத்தோடு நிற்காது. கருவி கெட்டுவிட்டது எனக் கருதிப் புதிய கருவி வாங்கும் குடும்பங்களும் உண்டு. ஒரு மாத வாடகைக்கோ பள்ளிக் கட்டணத்திற்கோ உதவியிருக்கும் பணம் அவ்வாறு செலவாகிறது.

யாருடைய பொறுப்பு?

2008ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் ஆண்ட்ராய்டு திறன்பேசியின் தற்காலிக நினைவகம் 192 மெகாபைட் மட்டுமே. இன்றைய 4 ஜி.பி. கருவியில் அதனைப்போல் இருபது மடங்கிற்கும் மேற்பட்ட நினைவகம் உள்ளது. எனினும் பற்றாக்குறை தீரவில்லை. நினைவகம் வளர வளரச் செயலிகளும் பருத்துக்கொண்டே வந்தமை இதற்கு ஒரு காரணம். சிறிய இடத்தில் இயங்கும் மென்பொருளை உருவாக்க இயலாது என்று கூறுவதற்கில்லை. 2014ஆம் ஆண்டில் இந்தியாவில் அறிமுகமான ஆண்ட்ராய்டு ஒன் திறன்பேசிகள் 1 ஜி.பி. நினைவகத்துடனேயே வந்தன. குறைந்த நினைவகமுள்ள கருவிகளுக்கெனவே 2017இல் ஆண்ட்ராய்டு கோ என்னும் எளிய பதிப்பும் அறிவிக்கப்பட்டது.

ஆகவே, நினைவகத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் கடமை முதலில் செயலிகளை உருவாக்குவோருக்கு உரியது. விலை குறைந்த கருவியை வைத்திருக்கும் மாணவரும் பாடத்தைத் தடையின்றிப் படிக்கும் வகையில் அவர்கள் தம் செயலிகளை எடை குறைந்தனவாக அமைக்க வேண்டும். அச்சுமையைப் பயனரின் விரலுக்கு மாற்றுவது முறையாகாது.

செய்யத்தக்கவை

பயனர் செய்யத்தக்கவை சிலவே. மாதம் ஒருமுறை 'அமைப்புகள்' பகுதிக்குச் சென்று, எச்செயலி மின்கலத்தை மிகுதியாக உண்கிறது எனப் பார்க்கலாம். பல மாதங்களாகத் திறக்கப்படாத செயலிகளை அடியோடு நீக்கலாம். படங்களும் காணொளிகளும் தாமாகப் பதிவிறங்குவதை நிறுத்திவைக்கலாம். இருப்பிடம், ஒலிவாங்கி ஆகியவற்றுக்கான அனுமதிகளைத் தேவையானவற்றுக்கு மட்டும் அளிக்கலாம். கருவி திணறும்போது ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்கலாம். மென்பொருள் மேம்பாடு வரும்போது அதனை ஏற்கலாம். அழைப்புக்கும் நினைவூட்டலுக்கும் உரிய செயலிகளை மின்கலக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கிவைக்கலாம்.

வீட்டில் தமிழும் வெளியில் வேறு மொழிகளும் பேசி வளரும் பிள்ளைகளே பல குடும்பங்களில் திறன்பேசியை நன்கு கையாளத் தெரிந்தவர்கள். பெரியவர்கள் அவர்களிடமே ஐயம் கேட்கின்றனர். அவர்கள் சொல்லித்தரும் ஒவ்வொன்றும் வீட்டில் பழக்கமாகிவிடும். அடுத்தமுறை பாட்டியின் திறன்பேசி கையில் கிடைக்கும்போது, எல்லாவற்றையும் துடைத்துக் கொடுப்பதைவிட, பாட்டியின் அழைப்புகள் தவறாமல் ஒலிக்கின்றனவா எனச் சரிபார்த்துக் கொடுப்பது அவருக்குப் பெரிதும் உதவும்.

சிந்தித்து எழுதுக

1. சேமிப்பகத்திற்கும் தற்காலிக நினைவகத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கட்டுரையில் வரும் உவமையின் துணையோடு விளக்குக.
2. 'நினைவகத்தில் இருப்பது வேறு. வேலை செய்வது வேறு' – இக்கூற்றை விளக்குக.
3. நினைவகச் சிக்கனம் முதலில் செயலிகளை உருவாக்குவோரின் கடமை என்னும் கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணங்களுடன் எழுதுக.
4. உங்கள் வீட்டிலுள்ள திறன்பேசியில் மின்கலத்தை மிகுதியாகப் பயன்படுத்தும் மூன்று செயலிகளைக் கண்டறிந்து, அவற்றைப் பற்றிப் பெற்றோருடன் உரையாடி ஒரு பத்தி எழுதுக.