கணிதம் வல்ல போப்பாண்டவர்

மெய்யறிவு பிற சமயத்தார் கைவழி வருமாயின் அதனை ஏற்றல் தகுமோ என்னும் ஐயம் மிகப் பழையது. கிறிஸ்தவ மாணவன் ஒருவன் சைவ வைணவ நூல்களை விரும்பி ஓதுவானாயின் அவன் விசுவாசம் தளர்ந்துவிடும் என அஞ்சுவோர் இன்றும் உளர். அன்னார்க்கு விடையாகத் திருச்சபையின் சரித்திரத்தினின்றே ஒருவரை எடுத்துக்காட்டுதல் பொருந்தும். கி. பி. 999 முதல் 1003 வரை போப்பாண்டவராய் உரோமாபுரியில் வீற்றிருந்த இரண்டாம் சில்வெஸ்தரே அவர்.

அவரது இயற்பெயர் கெர்பெர்ட் என்பது. எளிய குடியிற் பிறந்து, பிரான்சு தேசத்து ஓரியாக் மடத்தில் வளர்ந்தவர். 967-ம் ஆண்டில் பார்சலோனாப் பிரபுவாகிய பொர்ரெல் அவரைத் தம்முடன் அழைத்துச் சென்றார். அங்கே விக் நகரத்து அத்தியட்சர் ஆத்தோவிடம் அவர் கணிதம் பயின்றார். அக்காலத்தில் ஸ்பெயினின் பெரும்பகுதி முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. இந்தியாவிற் பிறந்த ஒன்பது இலக்கங்களும் அராபியர் வாயிலாக அந்நாட்டை அடைந்திருந்தன. 976-ல் அங்கு எழுதப்பெற்ற ஏடொன்றில் அவற்றை இன்றும் காணலாம்.

பின்னர் ரைம்ஸ் நகரத்தில் ஆசிரியராய் அமர்ந்த கெர்பெர்ட், இருபத்தேழு பத்திகள் கொண்ட கணக்குப் பலகை ஒன்றை அமைத்தார். கொம்பினாற் செய்த ஆயிரம் வில்லைகளில் அவ்விலக்கங்களைப் பொறித்தார். 888 என்னும் எண்ணை உரோம எழுத்தில் வரையப் பன்னிரண்டு எழுத்துக்கள் வேண்டும். அவர் பலகையிலோ மூன்று வில்லைகளே போதும். 305 எனின், நூறாம் பத்தியில் மூன்றும் ஒன்றாம் பத்தியில் ஐந்தும் வைத்து நடுப்பத்தியை வெறிதே விடுவர். பூச்சியக் குறி இன்றியே இடமதிப்பு விளங்கிற்று.

இத்தகையோருக்கு உலகம் அளித்த கைம்மாறு யாது? அவர் மறைந்து நூறாண்டுக்கு மேற்சென்ற பின், மால்ம்ஸ்பரி வில்லியம் என்னும் ஆங்கிலத் துறவி, அவர் பிசாசுடன் உடன்படிக்கை செய்தாரென்றும், வினாவினால் விடையிறுக்கும் தலையொன்றை வார்த்து வைத்திருந்தாரென்றும் வழங்கிய கதைகளை எழுதிவைத்தார். தாம் அறியாததனைச் சூனியம் என்பது அறியாமையின் வழக்கம் போலும்!

கெர்பெர்ட் மாசற்ற முனிவர் என வாதிப்பது எம் கருத்தன்று. ரைம்ஸ் நகரத்து அத்தியட்ச பீடத்தை முன்னிட்டு எழுந்த நெடுவழக்கில் அவரும் ஒரு கட்சியாய் நின்றவரே. எனினும், அராபியர் கையாண்ட இலக்கங்களை எடுத்துக்கொண்டமையால் அவர் தம் சமயத்தைக் கைவிட்டாரல்லர். போப்பாண்டவரான பின் திருச்சபைப் பதவிகளை விலைக்கு விற்கும் தீமையைக் கண்டித்து எழுதினார். கணிதம் அவர் பக்தியைக் குலைக்கவில்லை. பக்தியும் அவர் கணிதத்தைத் தடுக்கவில்லை.

உண்மை எங்கே விளைந்தது என்று குலம் கேட்டல் வேண்டா. அஃது உண்மைதானா என்று ஆராய்தலே வேண்டும். எல்லா உண்மையும் இறைவனுடையதே என நம்புவோர்க்கு அயலார் நூலைக் கண்டு அஞ்சக் காரணம் இல்லை. அஞ்சுகின்ற விசுவாசம் இன்னும் வேரூன்றாத விசுவாசமேயாம். இந்தியர் கண்டு, முஸ்லிம்கள் காத்து, கிறிஸ்தவத் துறவி ஒருவர் விரும்பிக் கற்பித்த இலக்கங்களாலன்றோ இன்று உலகம் கணக்கிடுகின்றது!