சோயா யாருடைய பீங்கானில்?

2022ஆம் ஆண்டில்தான் எங்கள் வீட்டு அடுப்பில் முதன்முதலாக இரண்டு சட்டிகள் ஏறின. ஒன்றில் அரைக்கோழி, மற்றதில் சோயா மீற். அந்த வருடம் எப்படி இருந்தது என்று இதை வாசிக்கும் பெற்றோருக்கு நான் சொல்லத் தேவையில்லை. காஸ் இல்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசை. செப்டெம்பர் மாதத்தில் நாட்டின் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தையும் தாண்டியது. வள்ளங்களுக்கு எரிபொருள் கிடைக்காததால், வாவிக்கும் கடலுக்கும் நடுவில் வாழும் நாங்களே மீன் வாங்க யோசித்தோம்.

அந்த அரைக்கோழி வாப்பாவுக்கும் காக்காவுக்கும் தம்பிக்கும். சோயா உம்மாவுக்கும் ராத்தாவுக்கும் எனக்கும். யாரும் இப்படிச் சட்டம் போடவில்லை. உம்மாவின் அகப்பை தானாகவே அந்தப் பக்கம் போனது. கேட்டால், "ஆம்பிளப் புள்ளயள் பசி தாங்கமாட்டாங்க" என்பார். இன்று விலைகள் ஓரளவு அடங்கிவிட்டன. ஆனாலும் கோழி குறைவாக வாங்கும் நாட்களில் அந்த இரண்டு சட்டிகள் மறுபடியும் ஏறுகின்றன. வகுப்பில் இதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டே தலையாட்டிய தோழியர் பலர்.

என் கேள்வி இதுதான். சோயா நல்ல உணவு என்றால் எல்லோருடைய பீங்கானிலும் அது இருக்க வேண்டும். நல்லதில்லை என்றால் எங்கள் பீங்கானில் மட்டும் ஏன்?

முதலில் அது என்னவென்று பார்ப்போம். "ரப்பர்", "இரசாயனம்" என்றெல்லாம் சொல்கிறார்கள். சோயா அவரையில் இருந்து எண்ணெயை எடுத்தபின் மிஞ்சும் மாவில் ஏறக்குறைய பாதி புரதம். அந்த மாவை நீருடன் குழைத்து, இயந்திரத்துக்குள் சூடாக்கி, அழுத்தி, சிறிய துளை வழியே வெளியே தள்ளுகிறார்கள். வெளியே வந்ததும் அழுத்தம் குறைந்து நீராவி வெளியேறுவதால் அது பஞ்சுபோலப் பொங்கிவிடும். அவ்வளவுதான். சோயா எமக்குப் புதியதும் அல்ல. 1973 முதல் கர்ப்பிணித் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்கப்படும் திரிபோஷா, சோளமும் சோயாவும் சேர்ந்த மா. கிளினிக்கில் வாங்கி வந்து சீனி போட்டு உருண்டை பிடித்துத் தந்தபோது யாரும் வெட்கப்படவில்லை. விருந்தாளி வந்தால் மட்டும் சோயாச் சட்டியை மூடி வைக்கிறோம்.

ஹலாலா என்று கேட்பவர்களும் உண்டு. சோயா ஓர் அவரை, அதில் சந்தேகமில்லை. கோழி ருசி, ஆட்டிறைச்சி ருசி என்று சேர்க்கும் சுவையூட்டியும் கூடவே வரும் மசாலாத்தூளும்தான் பார்த்து வாங்க வேண்டியவை. ஹலால் இலச்சினையைப் பார்க்கும்போது உப்பின் அளவையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

அதற்காகச் சோயாவைத் தலையில் தூக்கி வைக்கவும் நான் வரவில்லை. பைக்கற்றில் போட்டிருக்கும் புரத அளவைப் பார்த்து, "கோழியை விட இரண்டு மடங்கு" என்று மகிழ்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அது காய்ந்த சோயாவின் கணக்கு. ஊறி நீர் குடித்தபின் பீங்கானில் விழும் துண்டில் அவ்வளவு இல்லை. விற்றமின் பி12 சோயாவில் இயல்பாக இல்லை. இரும்புச்சத்து உண்டு, ஆனால் பைற்றேற்று என்ற பொருள் அதைப் பிடித்துக்கொள்வதால் உடல் முழுவதையும் எடுத்துக்கொள்ள முடியாது. இறைச்சியில் உள்ள இரும்பு இலகுவாக உறிஞ்சப்படும்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 14 முதல் 18 வயதுவரையான பெண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் இரும்பும், அதே வயது ஆண்பிள்ளைக்கு 11 மில்லிகிராமும் தேவை என்பது அமெரிக்க ஊட்டச்சத்துப் பரிந்துரை. மாதந்தோறும் இரத்தம் இழப்பவர்கள் நாங்கள். கூடுதலாகத் தேவைப்படுபவருக்கு, குறைவாக உறிஞ்சப்படும் உணவு. குறைவாகத் தேவைப்படுபவருக்குக் கோழிக்கால். காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் "காலையில் சாப்பிடல்லயா?" என்று கேட்கிறோம். நேற்றுப் பகல் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதில்லை.

தீர்வு செலவில்லாதது. ஒரே சட்டியில் இரண்டையும் போடலாம். இறைச்சியோ மீனோ சிறிதளவு சேர்ந்தாலே சோயாவின் இரும்பும் கூடுதலாக உறிஞ்சப்படும். சோயாவை உப்புப் போட்ட கொதிநீரில் ஊறவைத்து, இரண்டு தரம் நன்றாகப் பிழிய வேண்டும். ரப்பர் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பிழியாதவர்கள்! பிறகு இலேசாகப் பொரித்து, உள்ளி, வெங்காயம், ரம்பை, கறுவாவோடு கோழி பாதி வெந்ததும் சேர்த்தால் ஆணத்தை உறிஞ்சிக்கொள்ளும். இறக்கியபின் தேசிக்காய் பிழியுங்கள், அதுவும் இரும்பை உறிஞ்ச உதவும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிப்பதை மட்டும் ஒரு மணித்தியாலம் தள்ளிப் போடுங்கள். தேயிலைச் சாயம் இரும்பைத் தடுக்கும்.

சோயா வேண்டாம் என்று நாங்கள் முகம் சுளித்தால், நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை சொன்னதில்லை என்று பெரியவர்கள் நினைவூட்டுவார்கள். ஏற்றுக்கொள்கிறேன். நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்களின் சம்பவத்தையும் நாம் படித்திருக்கிறோம். தந்தை அவருக்கு மட்டும் ஓர் அன்பளிப்பைக் கொடுத்து அதற்கு நபியவர்களைச் சாட்சியாக்க வந்தார். மற்றப் பிள்ளைகளுக்கும் அதுபோல் கொடுத்தீரா என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சி சொல்ல மறுத்துவிட்டார்கள். அது பெரிய அன்பளிப்பு, இது ஒரு துண்டுக் கோழி என்று யாரும் சொல்லலாம். ஆனால் அன்பளிப்பு வாழ்நாளில் ஓரிரு தரம்தான் வரும், பகல் சாப்பாடு தினமும் வருகிறது. கலியாண வீட்டில் ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி இருந்து சாப்பிடும் சமூகம் நாம். வீட்டுக்குள் மட்டும் ஏன் இரண்டு சட்டி?

கடந்த சில வெள்ளிக்கிழமைகளாக எங்கள் வீட்டில் ஒரு சட்டிதான். முதல் நாள் காக்கா சோயாவை எல்லாம் ஓரமாக ஒதுக்கினார். வாப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். தம்பி எது கோழி, எது சோயா என்று தேடிக் களைத்துப்போனான். உம்மாவின் அகப்பை மட்டும் இன்னும் கோழித் துண்டைத் தேடி எடுத்துக்கொண்டு காக்காவின் பக்கமே போகிறது. அதனால் வெள்ளிக்கிழமைகளில் அகப்பையை நான் வாங்கிக்கொள்கிறேன்.